சிக்னலில் மட்டும் சூடேறிய கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 ஏப்ரலில் பல்லடத்துக்கு அருகில் ஓர் ஊரில் நடந்தது. காரின் உரிமையாளர் அரசு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். கார், பதினான்கு ஆண்டு ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. இவர் அதற்கு மூன்றாவது உரிமையாளர். வாரத்தில் இரண்டு நாள் தம் தாயாரைச் சிகிச்சைக்காகக் கோவைக்கு அழைத்துப் போக வேண்டும். சூலூர், ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர் வழியாகத் திருச்சி சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அதனால் வண்டியை ஒரு வாரம் பட்டறையில் விட்டுவிட்டுக் காத்திருக்க அவருக்கு வழியில்லை.

வேலையில் இறங்கியவர்கள் மூவர். ஆசிரியர், ஆட்டோமொபைல் டிப்ளமா இறுதியாண்டு படிக்கும் அவருடைய அக்காள் மகன், பக்கத்து வீட்டுக்காரனான நான். நான் நூற்பாலைப் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கார் மெக்கானிக் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்த ஒரு தவறும் கண்டுபிடித்த ஒரு விஷயமும் அந்த ஆலை வாழ்க்கையிலிருந்தே வந்தவை.

ஊரைப் பற்றியும் ஒரு வரி தேவை. ஆசிரியர் வீட்டுக்கு இரு புறமும் விசைத்தறிக் கூடங்கள். காலையில் துடைத்த திண்ணையில் மாலைக்குள் பஞ்சுத் தூசி படிந்துவிடும். குழாயில் வருவது இரண்டு வகைத் தண்ணீர்: குடிக்க ஆற்றுத் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் ஆழ்குழாய் உப்புத் தண்ணீர்.

அதற்கு முன் நடந்த பழுதுபார்ப்புகள்

ஜனவரியில் ரேடியேட்டர் விசிறி நின்றுபோனது. சாலையோரக் கடை ஒன்றில் வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய மோட்டாரைப் பொருத்தினார்கள். பிப்ரவரியில், ஊருக்குள் போகும்போது ஏ.சி. குளிரவில்லை என்று வேறோர் இடத்தில் 1,800 ரூபாய்க்கு கேஸ் நிரப்பினார். மார்ச்சில் சிங்காநல்லூரில் நெரிசலில் நின்றபோது வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. மூன்றாவது பட்டறையில், இன்ஜின் சூடேறிய பிறகே நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பி அனுப்பினார்கள். நம் பக்கத்தில் இது ஒரு பழைய வைத்தியம். ‘இங்கே அடிக்கும் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு’ என்பதே காரணம். ஏப்ரல் முதல் வாரத்தில் முள் மறுபடி ஏறியது. நான்காவது இடத்தில் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் வாயுவும் நீரும் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும், ஐந்து நாள், 16,000 ரூபாய் என்றார்கள்.

அன்று மாலை ஆசிரியர் என் வீட்டுக்கு வந்தார். “அண்ணா, ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டுங்களா?” என்று கேட்டார்.

முதல் முடிவு: கேஸ்கட் போனதா என்பதை மட்டும் பார்ப்பது

காரைச் சரிசெய்வது என்று நாங்கள் தொடங்கவில்லை. 16,000 ரூபாய் தருவதற்கு முன், கேஸ்கட் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவழித்துப் பார்ப்பது, அடையாளங்கள் தெரிந்தால் பேசாமல் பட்டறைக்கு அனுப்பிவிடுவது என்றுதான் முடிவு செய்தோம்.

எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் உண்டு. நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் நடுவில் அசையாமல் நிற்கிறது, நெரிசலில் மட்டும் ஏறுகிறது என்றார் ஆசிரியர். கேஸ்கட் வெடித்த இன்ஜின் பெரும்பாலும் சுமை கூடும் இடத்தில்தான் கொதிக்கும், மேட்டில், வேகத்தில். வண்டி நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றோட்டத்தை.

முதல் ஞாயிறு

காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். இரவு முழுக்க ஆறிய இன்ஜின்தான் இதற்கு வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் நீர் அந்த நொடியே கொதித்து முகத்தில் பாயும். ரேடியேட்டர் மூடியில் பொறித்திருந்த எண் 0.9, அதாவது வெளிக்காற்றைவிட 0.9 பார் கூடுதல் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்ததும் அந்தக் காப்பு போய்விடும்.

பானட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது மேல் ஹோஸ். யாரோ கையால் நசுக்கியதுபோல் தட்டையாக ஒட்டிக்கிடந்தது. ரேடியேட்டரோடு இணைந்த உபரி பாட்டிலில் மேல்கோடு வரை தண்ணீர் இருந்தும் ரேடியேட்டரில் இரண்டு விரற்கடை குறைவு. இது மூடியின் குறை. இன்ஜின் ஆறும்போது உள்ளே இருக்கும் நீர் சுருங்கும்; அப்போது மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு திறந்து பாட்டிலிலிருந்து நீரை உள்ளே விட வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் வெற்றிடம் உண்டாகி ஹோஸ் நசுங்கும். கழற்றிப் பார்த்தபோது ரப்பர் வளையம் வறட்டி மாதிரி கட்டியாகி இருந்தது.

உள்ளே இருந்த தண்ணீர் செம்மண் நிறம். உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படலம் ரேடியேட்டரின் வாயிலும் படிந்திருந்தது.

பிறகு கேஸ்கட் சோதனைகள். எண்ணெய் மூடியின் அடியிலும், எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியிலும், நீர் கலந்தால் வரும் மோர் நிறக் குழம்பு இல்லை. ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றினோம். நான்கிலும் ஒரே சாயல். கேஸ்கட் வழியாக நீர் கசியும் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெளுத்திருக்கும் என்று மருமகன் சொன்னான். அடுத்து ரேடியேட்டரில் நீரை நிரப்பி, மூடியைப் போடாமல் குளிர்ந்த இன்ஜினை இயக்கினோம். சில குமிழிகள் வந்தன. ஆசிரியரின் முகம் வாடியது. பத்து நிமிடம் காத்திருந்தோம். குமிழிகள் குறைந்து நின்றுவிட்டன. ஆக்சிலரேட்டரை அழுத்தியபோதும் திரும்ப வரவில்லை. சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு கசிந்தால் குமிழி நிற்காது, வேகம் கூட்டினால் பெருகும். நாங்கள் கண்டது நீர் ஊற்றும்போது சிக்கிய காற்று. புகைபோக்கியிலும் வெள்ளைப் புகை இல்லை.

கேஸ்கட் போகவில்லை என்பதில் எங்களுக்கு ஏறக்குறைய உறுதி வந்தது. அங்கேயே நிறுத்தி, அடுத்து என்ன என்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் மணி எட்டு கூட ஆகவில்லை, மூன்று பேர் கையிலும் ஸ்பேனர். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சரிசெய்யத் தொடங்கினோம்.

மூடி புதிது. புதுத் தெர்மோஸ்டாட் வாங்கிவரச் செய்து, பொருத்தும் முன் அடுப்பில் சோதித்தோம். பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த வெப்பமானியை அருகில் பிடித்தோம். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. 82ஐ ஒட்டியே வாய் திறக்கத் தொடங்கியது, நீர் கொதி நிலைக்கு வரும்போது முழுதாகத் திறந்திருந்தது. அதிலுள்ள சிறு ஊசித்துளை மேல்பக்கம் வரும்படி பொருத்தினோம், சிக்கிய காற்று வெளியேற வேண்டுமே. செந்நீரை வடித்து, தெளியும் வரை நான்கு முறை அலசி, கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீரும் கூலன்ட்டும் சம அளவு கலந்து ஊற்றினோம். வாசல் சரிவில் முன்பக்கம் உயர நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றினோம். கலவை சிந்திய இடத்தை உடனே கழுவிவிட்டோம். கூலன்ட் இனிக்கும், நாயும் மாடும் நக்கிவிடும், அது நஞ்சு.

பிறகு தூசி. காரின் முன்பக்கம், ஏ.சி.யின் சூட்டை வெளியேற்ற ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டென்சரின் முகத்தில், சாலைப் புழுதியோடு சேர்ந்து கறுத்துப்போன பஞ்சு கம்பளிபோல் படர்ந்திருந்தது. அதைத் தோட்டக் குழாயில் மெதுவாக நீர் விட்டுக் கழுவினோம். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தை வைத்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, அடைப்பைவிடப் பெரிய அடைப்பாகிவிடும். பின்பக்கத்தில், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலும் பஞ்சு இருந்தது. அது வெள்ளையாக, புதிதாக இருந்தது. பெயின்ட் பிரஷ்ஷை விட்டுத் தட்டிவிட்டேன். ஏன் அங்கே, ஏன் வெள்ளையாக என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரவு எட்டு மணிக்குச் சூலூர் வரை போய்த் திரும்பினோம். முள் நடுவிலேயே நின்றது. ஆசிரியர் வீட்டில் மூவருக்கும் தோசை கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை

காலை பதினொரு மணிக்கு ஒண்டிப்புதூரிலிருந்து தொலைபேசி. முள் மீண்டும் முக்கால் அளவைத் தாண்டிவிட்டது, பின்னிருக்கையில் தாயார். ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடிகளை இறக்கச் சொன்னேன். ஏப்ரல் வெயிலில் ஹீட்டர் போடுவது வயதான அம்மாவுக்குக் கொடுமைதான். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர். முள் கொஞ்சம் இறங்கியது. பெட்ரோல் நிலையத்தின் நிழலில் நிறுத்தி நாற்பது நிமிடம் மூடியைத் தொடாமல் காத்திருந்தார். அம்மாவை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

ஞாயிறு இரவு நாங்கள் செய்த சோதனை எவ்வளவு வெற்றுச் சோதனை என்பது அப்போதுதான் உறைத்தது. நெடுஞ்சாலையில் இந்த வண்டி ஒருபோதும் சூடேறியதில்லை. பழுது தோன்றாத இடத்தில், தோன்றாத நேரத்தில் ஓட்டிப் பார்த்து, பழுது தீர்ந்தது என்று தோசை சாப்பிட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த முறை ஆசிரியர் ஒன்று செய்திருந்தார். அறிவியல் ஆசிரியர் அல்லவா, முள்ளின் நிலையையும் வேகத்தையும் தாம் சொல்லச் சொல்லத் தாயாரைக் குறித்து வைக்கச் செய்திருந்தார். 60க்கு மேல் போனால் முள் நடுவில். சிக்னலில் நின்றால் மெல்ல ஏறுகிறது. இருபத்தைந்து, முப்பதில் ஊர்ந்தால் நின்றிருந்ததைவிட வேகமாக ஏறுகிறது.

கடைசி வரிதான் எங்களைக் குழப்பியது. விசிறி ஓடாத வண்டியில்கூட, நிற்பதைவிட ஊர்வது நல்லது. கொஞ்சமாவது எதிர்காற்று கிடைக்கும். இங்கே ஊர்வது நிற்பதைவிட மோசமாக இருந்தது.

பஞ்சு ஒட்டியிருந்த பக்கம்

புதன் மாலை வாசலில் வண்டியை நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டோம். ஆலை நண்பர் ஒருவரிடமிருந்து அகச்சிவப்பு வெப்பமானி கடன் வாங்கியிருந்தேன். கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கும் நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது, அது மனிதச் சூட்டோடு நின்றுவிடும். பளபளக்கும் அலுமினியத்தில் பிடித்தால் இந்தக் கருவியும் பொய் சொல்லும்; கறுப்பு ரப்பர் ஹோஸில்தான் அளந்தோம். இருபது நிமிடத்தில் மேல் ஹோஸ் 97 டிகிரி, கீழ் ஹோஸ் 90. ரேடியேட்டரைக் கடந்து வந்தும் நீர் ஏழு டிகிரிதான் ஆறியிருக்கிறது.

“விசிறி ஓடுகிறது மாமா, அதில் குறையில்லை” என்றான் மருமகன் ஆசிரியரிடம். குறை சொல்ல முடியாது, நான்கு பட்டறைகளிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். விசிறி ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

முன்பக்க கிரில்லை அளக்கக் குனிந்தேன். மணிக்கட்டில் சூடான காற்று அடித்தது. காரின் முன்னால் நிற்பவன் கையில் காற்று அடிக்கக் கூடாது. விசிறி ரேடியேட்டரின் பின்னால் இருந்து முன்பக்கக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை தட்டிவிட்ட வெள்ளைப் பஞ்சு நினைவுக்கு வந்தது. நூற்பாலையின் ஈரப்பத நிலையத்தில் வடிகட்டி வலைகள் இருக்கும். எந்த முகத்தில் பஞ்சு ஒட்டுகிறதோ அந்தப் பக்கமிருந்துதான் காற்று வருகிறது. புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கு முதல் வாரத்தில் இதைத்தான் காட்டுவோம். முப்பது ஆண்டு மற்றவர்களுக்குக் காட்டியதை நானே பிரஷ்ஷால் தட்டிவிட்டிருக்கிறேன். கன்டென்சர் முகத்தில் இருந்த கறுத்த பஞ்சு பல ஆண்டுச் சேர்மானம். ரேடியேட்டரின் முதுகில் இருந்த வெள்ளைப் பஞ்சு சமீபத்தியது, இன்ஜின் பக்கமிருந்து வந்தது.

ஆசிரியரின் பையிலிருந்து ஒரு வினாத்தாளை வாங்கி கிரில்லின் மேல் வைத்தோம். உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள், படபடத்துக் கீழே விழுந்தது. ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தோம். புகை எங்கள் முகத்துக்கு வந்தது.

மோட்டாருக்குப் போகும் இணைப்பைப் பார்த்தோம். பழைய மோட்டாரின் கனெக்டர் இந்த வண்டியோடு பொருந்தாததால் வெட்டிவிட்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மோட்டாரிலிருந்து வந்த இரண்டு வயரும் கறுப்பு. எது எதுவென்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஜனவரியில் இணைத்தவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது, தவறாக விழுந்துவிட்டது. இந்த வகை நேர்மின்னோட்ட (டி.சி.) மோட்டாரில் வயர் மாறினால் மோட்டார் நிற்காது, எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் ஏறக்குறைய அதேதான்.

இதோடு எல்லாம் பொருந்திவந்தது. நின்றிருக்கும்போது விசிறி இன்ஜின் அறையின் சூடான காற்றை முன்னோக்கித் தள்ளுகிறது. மோசமான காற்றோட்டம், ஆனாலும் காற்றோட்டம். 60ல் எதிர்காற்று விசிறியை வென்று உள்ளே புகுந்துவிடுகிறது. முப்பதில் இரண்டும் சரிசமமாக மோதி, ரேடியேட்டர் வழியாகக் காற்றே போகாமல் நின்றுவிடுகிறது என்பது எங்கள் கணிப்பு. பிப்ரவரியில் ஏ.சி. குளிராததும் இதனால்தான். கன்டென்சரும் அதே விசிறியை நம்பித்தான் இருக்கிறது. 1,800 ரூபாய் கேஸ் வீண்.

திருத்தம்

மருமகன் உடனே வயரை மாற்றிவிடலாம் என்றான். இரண்டு காரியம் முடியும் வரை நிறுத்தி வைத்தேன். ஒன்று, இறக்கை தலைகீழாக மாட்டப்பட்டிருந்தாலும் இதே போலத்தான் தெரியும். இறக்கையின் வளைவையும் சுழலும் திசையையும் பார்த்து, இறக்கை சரி, சுழற்சிதான் தவறு என்று உறுதி செய்தோம். இரண்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. சாவியை எடுத்த பிறகும் சூட்டில் தானாகச் சுழலத் தொடங்கும் விசிறிகள் உண்டு, விரல் போய்விடும்.

வயர்களை மாற்றி, முறுக்கிவிடாமல் ஈயப் பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டோம். அரை மணி நேர வேலை. பேட்டரியை இணைத்து இயக்கியதும் வினாத்தாள் கிரில்லில் பசை தடவியதுபோல் ஒட்டிக்கொண்டது.

அதே வாசல், அதே ஏ.சி., அதே இருபது நிமிடம்: மேல் ஹோஸ் 93, கீழ் ஹோஸ் 79.

பின்னர்

இந்த முறை சோதனையை நெடுஞ்சாலையில் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல், தாயாரை ஏற்றாமல், சிங்காநல்லூர் நெரிசலுக்கே வேண்டுமென்று போய் நின்றோம். ஏ.சி. போட்ட நிலையில் முப்பத்தைந்து நிமிடம் ஊர்ந்தும் நின்றும் பார்த்தோம். முள் நடுவை விட்டு அசையவில்லை. ஏ.சி. குளிர்ந்தது.

மே மாதம் ஆசிரியர் குடும்பத்தோடு வால்பாறை போனார். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். முள் இரண்டு முறை சற்றே உயர்ந்து திரும்பியதாகச் சொன்னார்; அது தெர்மோஸ்டாட் உள்ள வண்டியின் இயல்பு. மேல் ஹோஸ் காலையில் நசுங்கியிருப்பதும் நின்றது.

வீட்டில் செய்த மொத்தச் செலவு 1,600 ரூபாய்க்குச் சற்று அதிகம். அதில் உண்மையான பழுதைத் தீர்த்தது, ஈயமும் உறையும் வாங்கிய 40 ரூபாய்.

ஜனவரியில் மோட்டார் மாட்டிய கடைக்காரரிடம் ஆசிரியர் போய்ச் சொன்னார். சண்டைக்கு அல்ல. அவர் கேட்டுவிட்டு, பணம் திருப்பித் தருகிறேன் என்றாராம், ஆசிரியர் வாங்கவில்லை. இப்போது அந்தக் கடையில் விசிறி மாட்டினால் காகிதம் வைத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

மறுபடி செய்தால்

முதலில், ஜனவரி முதல் நடந்த நான்கு வேலைகளையும் ஒரே தாளில் தேதிவாரியாக எழுதுவோம். விசிறி மாற்றியதற்கு அடுத்த மாதம் ஏ.சி. போனது, அதற்கு அடுத்த மாதம் முள் ஏறியது. வரிசையாக எழுதிப் பார்த்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே விசிறியிடம் போயிருப்போம். நான்கு பட்டறைக்காரர்களும் தங்கள் முன் வந்த குறையை மட்டும் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை, யாரும் அவர்களிடம் முழுக் கதையைச் சொல்லவும் இல்லை.

ஒரே நாளில் மூடி, தெர்மோஸ்டாட், நீர், தூசி எல்லாவற்றையும் மாற்றியிருக்க மாட்டோம். அவை ஒவ்வொன்றும் செய்ய வேண்டியவைதான். ஆனால் ஒன்றாகச் செய்ததால் எது என்ன பலன் தந்தது என்று தெரியாமல் போனது. வேலை செய்துவிட்டோம் என்ற நிறைவும் வந்துவிட்டது, அதுதான் ஆபத்து. தூசியைத் துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்திருக்க வேண்டும். கைப்பேசி மூவரிடமும் இருந்தது.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டது சரியா என்று ஊரில் இன்னும் சிலர் கேட்கிறார்கள். அது இல்லாமல் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். திரும்பப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை.

நிலுவையில்

ஆகஸ்ட்டில் பார்த்தபோது உபரி பாட்டிலில் மாதத்துக்கு ஒரு விரற்கடை அளவு குறைந்துகொண்டிருந்தது. ஹோஸ் இணைப்புகள் உலர்ந்தே இருக்கின்றன. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு கசிவுத் துளையிலிருந்து ஒரு மெல்லிய பச்சைக் கோடு இறங்கிக் காய்ந்திருக்கிறது. இம்முறை துடைப்பதற்கு முன் மருமகன் படம் எடுத்துவிட்டான். கோட்டைத் துடைத்து, பாட்டிலில் நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்து, தேதி எழுதி வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு மறுபடி பார்க்க வேண்டும்.